செருப்புக்காகக் காலைத் தறிப்பதா? – படைவீரனின் பூட்ஸும் கரிசலின் பாதமும்

தமிழ்நாட்டில் ஆலங்குளம் என்ற பெயரில் ஊர்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தையே பலரும் அறிவர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ராஜபாளையத்திலிருந்து வெம்பக்கோட்டைக்குச் செல்லும் வழியில், சுண்ணாம்புக்கல் பூமியின் நடுவே, 1970-இல் தொடங்கப்பட்ட அரசு சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஊர் அது. சுற்றிலும் கரிசல் காடு, ஆவாரஞ்செடி, சிறிது தள்ளிப் போனால் சிவகாசியின் பட்டாசுக் கொட்டகைகள்.

இந்தக் கரிசல் வட்டாரத்துச் சாலைகளில் விடியற்காலையில் பயணம் செய்பவர்கள் ஒரு காட்சியைக் காணக்கூடும். பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்கள் சிலர் இராணுவத்துக்கோ காவல்துறைக்கோ ஆளெடுக்கும் நாளை எதிர்பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். சிலர் காலில் கேன்வாஸ் ஷூ இருக்கும், சிலர் காலில் ஒன்றும் இராது. இராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடி ஓடிச் சில வாரங்களில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே முன்புற எலும்பை ஒட்டி ஒரு வலி வரும். எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாளும் ஓடுவார்கள். வலியைச் சொன்னால் "பழகிவிடும்" என்று மூத்தவர்கள் பதில் சொல்வார்கள்.

'பழகிவிடும்' என்ற இந்தச் சொல்லுக்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பூட்ஸ் காலுக்குப் பொருந்த வேண்டுமா, கால் பூட்ஸுக்குப் பொருந்த வேண்டுமா என்ற வழக்கின் வரலாறு அது. 'செருப்புக்காகக் காலைத் தறிப்பதா' என்று நம் பழமொழி கேட்டது. உலகத்தின் படைகள் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றே நெடுங்காலம் நடைமுறையில் விடையளித்து வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைச் சற்று நடந்து பார்ப்போம்.

*

பழந்தமிழருக்குக் காலணி புதிதன்று. தொடுதோல் என்ற சொல் சங்க இலக்கியத்தில் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் காலணிக்கு 'அடிபுதை அரணம்' என்றொரு பெயர் வருகிறது. பாதத்தைப் புதைத்து வைக்கும் கோட்டை என்பது அதன் பொருள். படைக்கலன் ஏந்திக் காட்டுவழி செல்லும் வணிகர்களைப் பற்றிய இடத்தில் அது வருவது நம் பேச்சுக்குப் பொருத்தமானது. ஆனால் சங்கப் பாடல்களில் வீரனுடைய காலின் பெருமையெல்லாம் கழலுக்குத்தான். கழல் காலை அழகுபடுத்துவது, காப்பது அன்று.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைப் படையைக் கட்டியெழுப்பிய பதினெட்டாம் நூற்றாண்டில், இடுப்புக்கு மேலே சிப்பாய் ஏறக்குறைய ஐரோப்பியனாக ஆக்கப்பட்டுவிட்டான். சிவப்புக் கோட்டும் குறுக்கு வார்களும் அவனுக்கு வந்தன. கால் மட்டும் உள்ளூர்க் காலாகவே இருந்தது. அக்காலத்து ஓவியங்களில் சென்னைச் சிப்பாய்கள் வெறுங்காலோடோ செருப்போடோ நிற்பதைக் காணலாம். ஆண்டுக்கணக்கில் வெறுங்காலால் மிதித்து இறுகிய பாதத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை வந்தது. அதில் தோலாலான குஞ்சம் இருந்தது. தாடி, சாதிக்குறி, காதணி பற்றிய கட்டளைகளும் சேர்ந்து வந்தன. 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டை வெடித்தது. வேலூர்ப் புரட்சிக்கு அரசியல் காரணங்களும் இருந்தன என்பதை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனினும் சிப்பாயின் உடம்பின்மீது என்ன ஏறலாம், எது ஏறக்கூடாது என்ற கேள்வி அதன் நடுவில் இருந்ததை மறுக்க முடியாது. தலைக்கு வந்த தோல் கலகத்தை எழுப்பியது. பின்னாளில் காலுக்கு வந்த தோல் அப்படி எதையும் எழுப்பவில்லை. அது கொப்புளமாகவும் கால் ஆணியாகவும் மெல்லவே பேசியது. அந்தப் பேச்சைக் கேட்பதற்குப் படைகளுக்குக் காது இல்லை.

*

ஐரோப்பியச் சிப்பாயின் நிலையும் பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை படைக்காலணிகளில் இடது வலது என்ற வேறுபாடே பெரும்பாலும் கிடையாது. இரண்டும் ஒரே நேரான அச்சில் செய்யப்பட்டவை. இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே சீராகத் தேயும் என்பது கணக்கு. இதில் சிக்கனம் பார்க்கப்பட்டது தோலுக்குத்தான். பாதம் யார் கணக்கிலும் வரவில்லை.

1809-இல் ஸ்பெயினின் கொருன்னாவிலிருந்து தோற்றுத் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் கந்தல் சுற்றிய கால்களோடு கப்பலிலிருந்து இறங்கியதை ஒரு பொறியாளர் பார்த்தார். அவர் மார்க் புரூனல். பின்னாளில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கவழி அமைத்தவர். அந்தக் கால்களை மறக்க முடியாமல் காலணி செய்யும் இயந்திரங்களை வடிவமைத்து, லண்டனின் பாட்டர்சீ பகுதியில் ஆலை தொடங்கினார். அடித்தோலை ஆணியால் பிணைத்து, ஒன்பது அளவுகளில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 சோடிகள் அங்கே உருவாயின. இயந்திரங்களை இயக்கியவர்கள் போரில் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள். போரில் உடல் சிதைந்தவர்களே போருக்குப் போகிறவர்களின் கால்களைக் காக்கும் பொருளைச் செய்தார்கள்! 1815-இல் வாட்டர்லூவோடு போர் முடிந்தது. அரசுக்குப் பூட்ஸ் தேவைப்படவில்லை. விற்காத காலணிகள் குவிந்தன. பிற இழப்புகளும் சேர, 1821-இல் புரூனல் கடனாளியாகச் சிறை சென்றார். போர் நடக்கும்வரைதான் சிப்பாயின் பாதத்துக்கு மதிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடந்த புதுப் படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். அடிபட்ட தடயம் இல்லை, வெளியே காயமும் இல்லை. ஆனால் கால் ஊன்ற முடியவில்லை. தசைநாண் உறையின் அழற்சி என்று அவர் கருதினார். 1895-இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு, 1897-இல் ஸ்டெகாவ் என்ற மருத்துவர் அதைக்கொண்டு பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பாதத்தின் நடுவிலுள்ள நீள எலும்புகளில் மெல்லிய முறிவு இருந்தது. நாற்பதாண்டுக் காலம் முறிந்த எலும்போடு நின்ற சிப்பாய்களின் வலிக்குச் சான்று எதுவும் இல்லை. சான்று இல்லாத வலிக்குப் படைமுகாமில் வழக்கமாகக் கிடைக்கும் பெயர் 'பாசாங்கு'.

இதே காலத்தில் சூரிச் நகரத்து உடற்கூற்றியலாளர் ஹெர்மன் வான் மேயர் எளிய உண்மையொன்றைச் சொன்னார். குதிகாலின் நடுவிலிருந்து பெருவிரல்வரை இழுத்த கோடு நேராக இருக்க வேண்டும். நாகரிகக் காலணியின் கூர்முனை பெருவிரலை உள்நோக்கித் தள்ளி அந்தக் கோட்டை உடைக்கிறது என்றார். அதைப் படை அளவில் செயலாக்கியவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் எட்வர்ட் மன்சன். அவர் பங்கேற்ற குழு நான்கு ஆண்டுகள் ஏறத்தாழ 2,000 படைவீரர்களின் கால்களை ஆராய்ந்தது. 1912-இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. காலின் இயல்பான வடிவத்தை ஒட்டிய புதிய அச்சு படைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதோடு வந்த அளவெடுக்கும் முறையை நாம் கவனிக்க வேண்டும். வீரன் சுமார் 18 கிலோ சுமையை முதுகில் ஏற்றி, உடல் எடை முழுவதையும் ஒரே காலில் ஊன்றி நிற்க வேண்டும். அப்போது விரியும் பாதத்தைத்தான் அளக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவனின் பாதமும் சுமை தூக்கி நடப்பவனின் பாதமும் ஒன்றல்ல. மூட்டை தூக்கும் எந்தத் தொழிலாளிக்கும் தெரிந்த இச்செய்தி, ஒரு படையின் ஆணையாக வருவதற்கு 1912 வரை ஆயிற்று.

*

இனிக் கரிசலுக்குத் திரும்புவோம். ஏனெனில் அடுத்து வந்த பெரும்போரின் பூட்ஸில் ஆவாரஞ்செடிக்குப் பங்கு உண்டு.

பொங்கலுக்குக் காப்புக்கட்டும் அதே ஆவாரைதான். அதன் பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புச் சத்து மிகுதி. ஆவாரம்பட்டை ஊறிய நீரில் பதப்படுத்தி, கடுக்காயால் முடித்தெடுக்கும் தோல், சென்னை மாகாணத்தின் சிறப்புச் சரக்கு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களின் தோல் ஷாப்புகளிலிருந்து அது கப்பலேறியது. லண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்றே அதற்குப் பெயர். 1903-இல் ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறைப் பதனிடலைத் தொடங்கி, கமலைச் சாலுக்கும் செருப்புக்கும் பூட்ஸுக்கும் புதுவகைத் தோலைக் கொண்டுவந்தார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அந்தத் தொழிலின் மிச்சம்.

முதல் உலகப்போர் வந்ததும் பூட்ஸின் தேவை கற்பனைக்கெட்டாத அளவு பெருகியது. பிரிட்டிஷ் படை பூட்ஸின் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் உகந்தது என்று கண்டு, 1916 முதல் அரசே பெருமளவில் கொள்முதல் செய்தது. வறண்ட காட்டில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு செடியின் துவர்ப்பு, பிரான்சின் சேற்றில் நின்ற கால்களைச் சுற்றியிருந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். அந்தச் செடியை ஒடித்தவர்களும் பட்டையை உரித்தவர்களும் பெரும்பாலும் வெறுங்காலர்களே.

பிரான்சின் சேறு பூட்ஸுக்கு இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படை மார்செய்ல் துறைமுகத்தில் இறங்கியது. முதல் குளிர்காலத்திலேயே பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் நீரில் நின்றவர்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, கறுத்து, சில அழுகின. பிரிட்டிஷ் படையில் மட்டும் அந்தக் குளிர்காலத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் இதற்கு ஆளாயினர். முதலில் உறைபனியின் விளைவு என்று எண்ணினார்கள். ஆனால் நீர் உறையாத குளிரிலும் அது வந்தது. குளிர், ஈரம், அசைவின்மை ஆகியவற்றோடு இறுக்கமான பூட்ஸும், கெண்டைக்காலைச் சுற்றி இறுகக் கட்டிய பட்டியும் சேர்ந்து இரத்த ஓட்டத்தைத் தடுப்பதே காரணம் என்பது தெளிவாயிற்று. கால்களைக் காக்கும் பொருட்டு மலைநாட்டு வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட பட்டி காலுக்கே சுருக்காக மாறியது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய பெயரும் நம்நாட்டுப் 'பட்டி'யிலிருந்து போனதுதான்.

தீர்வு பூட்ஸில் இருக்கவில்லை. காலுறையை நாள்தோறும் மாற்ற வேண்டும். பாதத்தைத் துடைத்துத் திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும். ஒருவன் காலை மற்றவன் பார்க்க வேண்டும். நோய் மிகுந்தால் அதற்கு அந்தப் பிரிவின் அதிகாரி பொறுப்பு என்று ஆக்கப்பட்டது. பாதம் அழுகினால் மேலதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்றானவுடன் நோய் வெகுவாகக் குறைந்தது. நம் கட்டுரையின் கருத்து முழுவதும் ஏறக்குறைய இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகிறது.

*

இதுவரை பூட்ஸைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசினோம். அதன் தரப்பையும் கேட்பது நியாயம்.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் சில பகுதிகளில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் சாதியைப் பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். நகை அணியக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, சட்டை போடக்கூடாது என்று நீளும் அப்பட்டியலின் எட்டாவது தடை, ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்பது. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை அந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தடை விதிக்கப்பட்ட ஊர்கள் ஆலங்குளத்துக்கு அருகில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய வழக்கத்தைத் தென்மாவட்டங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கரிசலின் தோல் தொழிலாளியை வாசகர்கள் பூமணியின் 'பிறகு' நாவலில் சந்தித்திருப்பார்கள். அந்தத் தொழிலாளியின் அறிவு நம் பேச்சுக்கு முக்கியமானது. ஊர்ச் சம்சாரியின் காலைத் தோலின்மீது வைக்கச் சொல்லி, சுற்றிலும் கோடிழுத்து, இன்னாருக்கு இடதுகால் சற்றுப் பெரிது, இன்னாருக்குச் சுண்டுவிரல் விலகி நிற்கும் என்று நினைவில் வைத்து அறுத்துத் தைப்பது அவர் முறை. மேயரும் மன்சனும் நூல் எழுதி நிறுவியதை அவர் கையால் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு காலையும் தனித்தனியே அளந்த அந்த மனிதர் தம் காலில் செருப்போடு அதே தெருவில் நடக்க முடியாது. இதைவிடக் கொடிய முரண் காலணியின் வரலாற்றில் வேறில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

சென்னைச் சாப்பர்ஸ் முதலிய படைப்பிரிவுகளில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து திரளாக ஆட்கள் சேர்ந்தார்கள். தெருவில் செருப்பு மறுக்கப்பட்டவனுக்கு அரசாங்கமே பூட்ஸ் கொடுத்துப் 'போட்டுக்கொள்' என்று கட்டளையிட்டது. அடியில் வரிசை வரிசையாக ஆணியும் குதியில் லாடமும் அடித்த பூட்ஸ். நடந்தால் தெரு முழுவதும் கேட்கும். அது காலைக் கடித்திருக்கும், விரல்களை நெரித்திருக்கும். ஆனாலும் கழற்ற மனம் வந்திருக்குமா? பூட்ஸ் தந்த புண்ணைப் பற்றி எழுதும் நாம், அது தந்த நிமிர்வையும் சேர்த்தே எழுத வேண்டும். அதே வேளையில், நிமிர்வின் விலையாகப் புண்ணை ஏற்றுக்கொண்டவன் அதைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டான் என்பதையும் மறக்கக்கூடாது. அவனுடைய மௌனத்தைப் பூட்ஸ் பொருந்துகிறது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

போர்க்குணம் உள்ள சாதி, இல்லாத சாதி என்று வெள்ளையர் வகுத்த கோட்பாட்டால் தென்னிந்தியப் படைப்பிரிவுகள் 1920-களில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் திரட்டப்பட்டது. மறுபக்கத்தில், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வெறுங்காலோடு பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனைவிட்டுப் பின்வாங்கியபோது, ஜான்சி ராணிப் படைப்பெண்களோடு சுபாஷ் சந்திர போஸும் இரவு இரவாக நடந்தார். அவர் பூட்ஸைக் கழற்றியபோது பாதம் முழுவதும் கொப்புளமாக இருந்ததை உடன் நடந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தலைவனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் பூட்ஸ் ஒரே மாதிரிதான் கடித்தது.

விடுதலைக்குப் பிறகும் பாடம் முற்றுப்பெறவில்லை. 1962-இல் நம்கா சூ ஆற்றங்கரையின் குளிரில் நம் வீரர்கள் பருத்தி உடுப்போடும் கேன்வாஸ் காலணியோடும் நிறுத்தப்பட்டார்கள். குண்டுக்குத் தப்பியவர்களிலும் பலர் உறைபனிக்குக் கால்களை இழந்தார்கள். 1982-இல் பால்க்லாந்துத் தீவுகளில் பிரிட்டிஷ் வீரர்களின் வார்ப்பு ரப்பர் அடியிட்ட பூட்ஸ் நீரை உள்ளே விட்டது; அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்திய பதுங்குகுழிப் பாதநோய் திரும்ப வந்தது. சியாச்சினில் 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பனிக்கான பூட்ஸ் வழங்கப்படாமல் பழையவற்றையே புதுப்பித்து அணிய நேர்ந்ததை, 2020-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது.

*

அப்படியானால் நல்ல பூட்ஸ் கொடுத்துவிட்டால் கால் தப்பிவிடுமா? இங்கேதான் இன்றைய மருத்துவம் நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

1985-இல் இஸ்ரேலில் 295 புதுப் படைவீரர்களைப் பயிற்சிக்காலம் முழுவதும் தொடர்ந்து கவனித்த மில்கிரோம் குழுவினர், அவர்களில் 31 விழுக்காட்டினருக்கு அழுத்த முறிவு ஏற்பட்டதைக் கண்டார்கள். பெரும்பாலான முறிவுகள் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பிலும் தொடையெலும்பிலும் இருந்தன. பிறகு 390 வீரர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான பூட்ஸும் மற்றப் பகுதியினருக்கு மென்மையான கூடைப்பந்துக் காலணியும் கொடுத்துப் பார்த்தார்கள். 1992-இல் வெளியான முடிவு வியப்பானது. மென்காலணி போட்டவர்களுக்குப் பாதத்தின் காயங்கள் குறைந்தன. ஆனால் மொத்தக் காயங்களின் அளவு குறையவில்லை. அமெரிக்கப் படைகளில் பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஓட்டக்காலணியைத் தேர்ந்து கொடுத்த ஆய்வுகளிலும் காயங்கள் குறையவில்லை என்றே தெரியவந்தது.

காரணம் எலும்பின் இயல்பில் இருக்கிறது. எலும்பு கல்லன்று, உயிருள்ள திசு. புதிய சுமை ஏறும்போது அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முனைகிறது. அதற்கு முதலில் பழைய பகுதியை அரித்து நீக்குகிறது. பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. வீட்டைச் செப்பனிடும்போது முதலில் பழைய சுவரை இடிப்பது போல. அந்த இடைக்காலத்தில், அதாவது பயிற்சியின் முதற்சில வாரங்களில், எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கிறது. அப்போதும் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விரிசல் விழுகிறது. களைத்துப்போன கெண்டைத்தசை அதிர்ச்சியைத் தாங்குவதில்லை; அதுவும் எலும்பின்மீதே இறங்குகிறது. ஆஸ்திரேலியப் படையில் ஓடும் தூரத்தைக் குறைத்து, சுமையோடு நடப்பதை அதற்கு ஈடாக்கியபோது காயங்களும் அவற்றின் கடுமையும் குறைந்தன. பொருந்தும் பூட்ஸ் கொப்புளத்தையும் விரல் நெரிவையும் தடுக்கும். கணைக்கால் எலும்பைக் காப்பது பயிற்சி அட்டவணை போடுபவரின் பொறுமை. 'பழகிவிடும்' என்பது பொய்யன்று. ஆனால் எலும்பு பழகுவதற்குக் கேட்கும் விலை நாட்கள். அந்த நாட்களைக் கொடுக்காமல் 'பழகிவிடும்' என்று சொல்வதுதான் பொய்.

வெறுங்கால் பற்றியும் ஒரு வார்த்தை. 1992-இல் கர்நாடகத்து மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்தார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. விரல்களை மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதி. இராணுவ மருத்துவத் தேர்வில் தட்டைப்பாதம் தகுதிநீக்கத்துக்குரிய குறைகளில் ஒன்று என்பது தெரிந்ததே. வசதிக்குறைவால் வெறுங்காலோடு திரிந்த கரிசல் பையனின் பாதம், அந்தத் தேர்வுக்கு வெகுவாகத் தயாரான பாதம். தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு அது நுழையவேண்டிய பூட்ஸ்தான் அதற்குத் தயாராக இருந்ததில்லை. பெங்களூர்ப் பகுதியில் வெறுங்காலோடு நடப்பவர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய பாதம் முன்புறம் அகன்றிருப்பதையும் எடையைச் சீராகப் பகிர்வதையும் காட்டியது. அகன்ற பாதம் குறுகிய அச்சுக்குள் போனால் என்னவாகும் என்பதை விளக்க ஆய்வு தேவையில்லை.

*

சிவகாசி வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த ஒரு விதியோடு முடிவை நெருங்குவோம். வெடிமருந்து கையாளும் அறைக்குள் இரும்பாணி அடித்த காலணி நுழையக்கூடாது. கல்லில் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும். மருந்து கலக்கும் அறைவாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவது இந்தப் பக்கத்தில் அன்றாடக் காட்சி. பிரிட்டிஷ் படையின் ஆணியடித்த பூட்ஸுக்கு 'அம்யூனிஷன் பூட்ஸ்' என்று பெயர். தளவாடக் கிடங்கிலிருந்து வழங்கப்பட்டதால் வந்த பெயர் அது. தளவாடத்தின் பெயரைச் சுமந்த அந்தப் பூட்ஸுக்கு வெடிமருந்துக் கிடங்கின் உள்ளே இடமில்லை. அங்கே நுழையத் தகுதி பெற்றது வெறுங்கால்தான். அந்த வெறுங்காலுக்குத் தீயிலிருந்து காப்பு எதுவும் இல்லை என்பது வேறு கதை. அதையும் நாம் ஒருநாள் எழுத வேண்டும்.

1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணத்தில் அளந்தது. பிரிட்டிஷ் அளவுகள் இந்தியப் பாதத்துக்குப் பொருந்துவதில்லை. நம் பாதம் பொதுவில் அகலம் கூடியது. நாம் நீளமான காலணி வாங்கித்தான் அந்த அகலத்தைச் சரிக்கட்டி வந்திருக்கிறோம் என்பது அதன் முடிவு. இந்தியருக்கென்று 'ப' என்ற புதிய அளவுமுறையை அது 2024-இல் முன்மொழிந்தது. 'பாரத்' என்பதன் முதலெழுத்து அது. சென்னைச் சிப்பாயை வைத்து ஒரு பேரரசு கட்டப்பட்டு, இரண்டு உலகப்போர்களுக்கு ஆவாரந்தோல் கப்பலேறி, விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகுதான் இந்தியனின் பாதம் முறையாக அளக்கப்பட்டிருக்கிறது. தோலின்மீது கரியால் கோடிழுத்த கிராமத்துத் தொழிலாளி இதைக் கேட்டால் சிரிப்பார்.

பிந்தியேனும் அளந்தார்களே என்று மகிழ்வோம். ஆனால் அளவு கண்டது பாதத்துக்குத்தான். எலும்புக்குத் தேவையான நாட்களை யாரும் இன்னும் அளந்து கொடுக்கவில்லை. கரிசல் சாலையில் நாளை விடியற்காலையிலும் அந்த இளைஞர்கள் ஓடுவார்கள். அவர்களில் ஒருவன் முழங்காலுக்குக் கீழே கைவைத்து உட்கார்ந்தால், "பழகிவிடும், எழுந்து ஓடு" என்று சொல்வதற்கு முன், "இரண்டு வாரம் நட தம்பி, பிறகு ஓடலாம்" என்று சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பிரான்சின் சேற்றில் கற்ற பாடம் அது ஒன்றுதான். காலுக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் இருந்தால் கால் பிழைக்கும்.